சாஸ்தாஷா குகைக்குப் போகிறவர்களுக்கு

(மூன்றாமாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை மாணவன்)



ஆண்டு மலர் என்றால் அம்மாவைப் பற்றி நாலு கவிதை, நட்பைப் பற்றி மூணு, சூரிய சக்தி பற்றி ஒரு கட்டுரை, கடைசிப் பக்கத்தில் ஜோக்ஸ் என்பது காலங்காலமாக இருந்து வரும் சம்பிரதாயம். நான் தலைப்பைச் சொன்னதும் மலர்க்குழுத் தோழர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். "கேம் பத்தியா எழுதப் போற? பிரின்சிபால் படிப்பாருப்பா!" என்றார் ஒருவர். படிக்கட்டும். நம் விடுதியில் இரண்டாவது மாடியில் மட்டும் ஐந்து பேர் ஆன்லைன் ரோல் பிளேயிங் கேம் ஆடுகிறார்கள். அதில் மூன்று பேர் பாதியில் நின்று விட்டார்கள். "கதை நகரவே மாட்டேங்குது அண்ணே, தபால்காரன் வேலை பார்க்க வச்சிட்டான்" என்கிறார் ஒருவர். "முன்பின் தெரியாத மூணு பேரோட குகைக்குள்ள போகணுமாம், நமக்கு ஒத்து வராது" என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் காரணமே சொல்லவில்லை. இந்த இரண்டு தடைகளைப் பற்றித்தான் இக்கட்டுரை.

முதலில் கொஞ்சம் சரித்திரம். பலர் ஒரே உலகத்துக்குள் நுழைந்து ஆடும் இந்த வகை விளையாட்டுக்கு மூலவர் 1978-ல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த ‘மட்’ என்பது. எழுதியவர் ராய் டிரப்ஷா, அதை வளர்த்தவர் ரிச்சர்ட் பார்ட்டில். இருவரும் அப்போது நம்மைப் போல மாணவர்கள்! படம் கிடையாது, எல்லாமே எழுத்துதான். பிறகு 1999-ல் எவர்க்வெஸ்ட், 2004-ல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்று வளர்ந்து வந்தது. நம் மாடியில் ஆடப்படுவது ஃபைனல் ஃபேண்டஸி 14. ஆகவே உதாரணங்களை அதிலிருந்தே எடுத்துக் கொள்கிறேன்.

இதன் பிறப்பே ஒரு கதை. 2010 செப்டம்பர் 30-ல் ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் இதை வெளியிட்டது. படு தோல்வி! அதே ஆண்டு டிசம்பரில் நவோகி யோஷிடா என்பவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அவர் பழைய ஆட்டத்தையும் ஓட்டிக்கொண்டே, பின்னால் புதிய ஆட்டம் ஒன்றைக் கட்டினார். 2012 நவம்பர் 11-ல் பழைய சர்வர்கள் நிறுத்தப்பட்டன. கதைப்படி வானத்திலிருந்து ஒரு சந்திரனே விழுந்து அந்த உலகம் அழிந்தது. 2013 ஆகஸ்ட் 27-ல் ‘எ ரெல்ம் ரீபார்ன்’ என்ற பெயரில் மறுபடி பிறந்தது. அரியர் வைத்தவன் அடுத்த செமஸ்டரில் முதல் வகுப்பு வாங்கியது போல என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

நமக்கு முக்கியமான விஷயம், இதில் இலவசச் சோதனைப் பதிப்பு ஒன்று உண்டு. நாள் கணக்கு கிடையாது. 2023 அக்டோபரிலிருந்து 70-வது லெவல் வரை, முதல் ஆட்டமும் அடுத்த இரண்டு விரிவாக்கங்களும் அதில் அடக்கம். சந்தையில் பொருள் வாங்க முடியாது, கையிருப்புக்கு வரம்பு உண்டு என்று சில கட்டுப்பாடுகள். மெஸ் பில் கட்டவே திணறும் நமக்கு இவை பெரிய விஷயமில்லை. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். அந்தக் கணக்கில் ஒரு தடவை காசு கொடுத்து முழுப் பதிப்பு வாங்கி விட்டால் மறுபடி இலவசத்துக்குத் திரும்ப முடியாது. தள்ளுபடி என்று பார்த்தவுடன் கை துறுதுறுக்கும். நிதானம் தேவை.

இனி விஷயத்துக்கு வருவோம். கதை ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது?

ஆட்டத்தில் முதன்மைக் கதைப் பணிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒன்றை முடித்தால்தான் அடுத்தது திறக்கும். புதிய ஊர், சவாரிப் பறவை, குகை, அடுத்த விரிவாக்கம் எல்லாமே இந்தச் சங்கிலியில் கோர்த்தவை. முதல் 50 லெவல்களில் பெரும்பாலான பணிகள் "இந்தக் கடிதத்தை அவரிடம் கொடு, அவர் சொல்வதைக் கேட்டு என்னிடம் வந்து சொல்" என்கிற ரகம்தான். இதில் பெயர் போன தொல்லை ‘வேக்கிங் சாண்ட்ஸ்’ என்ற இடம். கதாநாயகன் சேரும் சங்கத்தின் அலுவலகம் அது, வெஸ்பர் பே என்ற குட்டித் துறைமுகத்தில் இருக்கிறது. மற்ற ஊர்களுக்கு ஒரு நொடியில் தாவிச் செல்ல வசதி இருக்க, இந்த ஊரில் மட்டும் அந்த ஸ்படிகக் கல் கிடையாது. ஹொரைசன் என்ற ஊருக்குத் தாவி, அங்கிருந்து சாலை வழியாக ஓட வேண்டும். ஒவ்வொரு பணி முடிந்ததும் "தயவு செய்து வேக்கிங் சாண்ட்ஸுக்கு வாருங்கள்" என்று செய்தி வரும். உலகம் பூராவும் இந்த ஆட்டம் ஆடுகிறவர்களிடம் இந்த வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள், தலையில் அடித்துக் கொள்வார்கள்! (ஒரு ரகசியம்: லிம்சா லொமின்ஸா துறைமுகத்திலிருந்து வெஸ்பர் பேவுக்கு நேராகப் படகு இருக்கிறது. பலருக்கும் இது தெரியாது.)

இதைவிட மோசம் 30-வது லெவலைத் தாண்டியதும் வரும் விருந்துப் படலம். டைட்டன் என்ற பூதத்தை எதிர்க்கப் புறப்படுகிறோம். முன்பு அதை வென்ற பழைய கூலிப்படை வீரர்களிடம் யோசனை கேட்கப் போனால், "விருந்து வைக்கிறோம், சாமான் வாங்கி வா" என்று அனுப்பி விடுகிறார்கள். உலகம் அழியப் போகிறது, நாம் ஒயினும் இறைச்சியும் சீஸும் தேடி அலைகிறோம். அந்தச் சீஸுக்காக ஒரு குகையே தாண்ட வேண்டும். நம் மாடித் தோழர் நின்று போனது இந்த இடத்தில்தான். அவரைக் குறை சொல்ல முடியாது. தயாரித்தவர்களே இதை ஒத்துக்கொண்ட மாதிரிதான். 2020 ஆகஸ்டில் வந்த 5.3 பதிப்பில் இந்த முதல் பகுதியில் பல பணிகளை எடுத்து விட்டார்கள், பலவற்றைச் சுருக்கினார்கள். முதல் பகுதிக் கதையை முடித்ததும் அந்தப் பழைய நிலப்பரப்பில் பறக்கவும் அனுமதித்தார்கள். இப்போது நாம் ஆடுவது குறைக்கப்பட்ட சுமை. அதற்கே இப்படி!

ஆனாலும் "ஸ்கிப் பண்ணிட்டுப் போ" என்று நான் சொல்ல மாட்டேன். டைட்டனை வென்று, வழக்கம் போல அலுத்துக்கொண்டே வேக்கிங் சாண்ட்ஸுக்குத் திரும்பி ஓடி வருவோம். கதவைத் திறப்போம். உள்ளே என்ன என்பதை எழுதி உங்கள் ஆட்டத்தைக் கெடுக்க விருப்பமில்லை. இத்தனை நாள் "மறுபடியும் இங்கேயா" என்று திட்டிக்கொண்டே நடந்து நடந்து, வாசலில் உட்காரும் குட்டிப் பெண் டட்டாருவும், தாழ்வாரத்தில் நிற்கிற பெயர் தெரியாத ஆட்களும் நமக்குப் பழகிப் போயிருக்கிறார்கள். அந்தப் பழக்கம் இருக்கிறவனுக்குத்தான் அந்தக் கதவு ஒரு கதவு. வேகமாகத் தாண்டி வந்தவனுக்கு அது இன்னொரு காட்சி, அவ்வளவே. காசு கொடுத்தால் கதையையே தாண்ட ஒரு பொருள் விற்கிறார்கள். அதை வாங்குவது, ஊருக்குப் போகாமல் பஸ் டிக்கெட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வது மாதிரி என்பது என் தாழ்மையான கருத்து.

அதே சமயம் எல்லாவற்றையும் செய்யவும் தேவையில்லை. ஊர் முழுக்க ஆட்கள் தலைக்கு மேல் குறிகளோடு நிற்பார்கள். எரிநட்சத்திரம் போன்ற தனிக்குறி இருந்தால் முதன்மைக் கதை. நீல நிறத்தில் கூட்டல் குறியோடு இருந்தால் ஏதோ ஒரு வசதி திறக்கும், அதைக் கட்டாயம் செய்யுங்கள். சாதாரண மஞ்சள் குறிகளைக் கண்ணை மூடிக்கொண்டு விட்டு விடலாம். ஒரே ஒரு தொழிலை எடுத்து ஆடினால் கதைப் பணிகள் தரும் அனுபவப் புள்ளியே லெவலுக்குப் போதும். நம் ஆட்கள் மூன்று நான்கு தொழிலை ஒரே நேரத்தில் தொட்டு விட்டு, "லெவல் பத்தலை" என்று புலம்புகிறார்கள். ஒரு நாளைக்கு நாலு பணி, அல்லது ஒரு ஊர். அதோடு மூடி வைத்து விடுங்கள். ஒரே மூச்சில் இருபது பணி செய்தால் யாருக்கும் வெறுத்துத்தான் போகும்.

தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்த ஆட்டத்தின் ஆங்கிலம் பழங்கால ஆங்கிலம். ஊரியாஞ்சர் என்று ஒரு பாத்திரம் பேசுவது ஆங்கில மீடியக்காரர்களுக்கே புரியாது! எனவே "எனக்கு மட்டும்தான் புரியலை" என்று கூச்சப்பட வேண்டாம். முதல் பகுதியில் பெரும்பாலான உரையாடலுக்குக் குரல் இல்லை, எழுத்து மட்டும். நாம் அழுத்தினால்தான் அடுத்த வரி வரும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படிக்கலாம், யாரும் துரத்தப் போவதில்லை. பார்த்த காட்சிகளைச் சத்திரத்து அறையில் இருக்கும் ஒரு புத்தகத்தைத் திறந்து எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் பார்க்கவும் செய்யலாம்.

இப்போது குகைக்கு வருவோம். 15-வது லெவலில் கதை நம்மை நிறுத்தி, "சாஸ்தாஷா குகைக்கு நாலு பேராகப் போ" என்கிறது. ஒரு டேங்க், ஒரு ஹீலர், இரண்டு டி.பி.எஸ். டேங்க் முன்னால் போய் அடி வாங்குகிறவர். ஹீலர் அவரை உயிரோடு வைத்திருப்பவர். டி.பி.எஸ். என்பவர் எதிரியைச் சாய்ப்பவர். ஆட்டத்தின் சூட்சுமம் ‘பகை’ என்ற ஒரு எண்ணில் இருக்கிறது. ஒவ்வொரு எதிரிக்கும் நாலு பேர் மீதும் தனித்தனியாகப் பகைக் கணக்கு உண்டு. யார் மீது அதிகமோ அவரைத்தான் அடிக்கும். டேங்க் தன் நிலைக்குரிய பொத்தானைப் போட்டிருந்தால் அவருடைய அடிக்குப் பகை பல மடங்கு ஏறும். அதைப் போடாமல் நுழைந்தால், எதிரிகள் ஹீலர் மீது பாய்வார்கள், ஹீலர் சாவார், பிறகு வரிசையாக எல்லோரும். ஃபியூஸ் போடாத சர்க்கியூட் மாதிரி! புதிய டேங்க் ஒருவர் நுழைந்ததும் பார்க்க வேண்டிய முதல் விஷயம் அந்தப் பொத்தான்.

இந்த நாலு பேரை நாம் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. பெயரைப் பதிந்தால் ஆட்டமே மற்ற ஊர்களில் காத்திருப்பவர்களையும் கோர்த்து அனுப்பி விடும். டேங்குக்கும் ஹீலருக்கும் சீக்கிரம் கிடைக்கும். டி.பி.எஸ். வரிசைதான் நீளம், ஏனென்றால் எல்லோருக்கும் வெட்டத்தான் ஆசை, சுமக்க ஆள் குறைவு. பெரிய லெவல்காரர்கள் வந்தாலும் குகையின் லெவலுக்கு அவர்கள் குறைக்கப்படுவார்கள். அதனால் அனுபவசாலி ஒருவர் தனியாக எல்லாவற்றையும் நொறுக்கி விட முடியாது.

அவர்கள் எதற்காக நம்மோடு வந்து 15-வது லெவல் குகையில் நேரத்தைப் போக்க வேண்டும்? தினமும் ஒரு முறை இப்படிப் பழைய குகைக்கு வந்தால் அவர்களுக்குப் பரிசு உண்டு. குழுவில் முதல் முறை வருகிறவர் இருந்தால் கூடுதல் பரிசு. "இக்குழுவில் புதியவர் உள்ளார்" என்று ஆட்டமே அறிவித்து விடும். புதியவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முளைக்குறி, இரண்டு இலை விட்ட செடி மாதிரி இருக்கும். நம்மால் அவர்களுக்கு நஷ்டம் என்று நினைத்துத்தான் நம் ஆட்கள் பயப்படுகிறார்கள். கணக்குப்படி பார்த்தால் நாம் வந்ததே அவர்களுக்கு லாபம்.

சாஸ்தாஷா கடற்கொள்ளையர் குகை. நுழைந்ததும் ரத்தக்கறை படிந்த ஒரு சீட்டு கிடக்கும், அதில் ஒரு நிறம் சொல்லியிருக்கும். கொஞ்ச தூரத்தில் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று பவளங்கள். சீட்டில் சொன்ன நிறத்தைத் தொட்டால் வழி பிறக்கும், வேறு நிறத்தைத் தொட்டால் வம்பு. ஒவ்வொரு தடவையும் நிறம் மாறும், மனப்பாடம் செய்து பிரயோஜனமில்லை. அவசரக்கார அனுபவசாலிகள் சீட்டைப் படிக்காமலே ஓடுவார்கள். நீங்கள் படித்து நிறத்தைத் தட்டச்சு செய்தால் உடனே மதிப்பு கூடும்! கடைசியில் டென் என்ற மீன்மனிதன். அவனைச் சுற்றித் தரையில் இரும்புக் கிராதிகள் இருக்கும். அவற்றில் குமிழி வந்தால் அதிலிருந்து ஆட்கள் ஏறி வரப் போகிறார்கள் என்று அர்த்தம். ஓடிப் போய் அந்தக் கிராதியைத் தொட்டு அடைத்து விட வேண்டும். இந்தச் சின்ன வேலையை எல்லோரும் மறந்து விடுவார்கள். டி.பி.எஸ். ஆக இருக்கும் முதல் ஆண்டுத் தம்பி இதை ஏற்றுக்கொண்டால் மற்ற மூவரும் நிம்மதியாக அடிப்பார்கள்.

தரையில் ஆரஞ்சு நிறத்தில் வட்டமோ பட்டையோ தெரிந்தால் அங்கிருந்து விலக வேண்டும். இங்கேதான் நம் துறைப் பாடம் உதவிக்கு வருகிறது. "வெளியே வந்துட்டேன், இருந்தும் அடி பட்டுது, சர்வர் மோசம்" என்று புகார் சொல்வார்கள். எதிரியின் மந்திரப் பட்டை நிரம்பி முடியும் கணத்தில் நீங்கள் எங்கே நின்றதாக சர்வர் நினைக்கிறதோ அதுதான் கணக்கு. வெடிப்பது போன்ற படம் பிறகுதான் வரும். இந்த ஆட்டத்துக்கு ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியப் பகுதி ஆகியவற்றில்தான் சர்வர் மையங்கள். இந்தியாவில் இல்லை. சென்னையிலிருந்து டோக்கியோ நேர்க்கோட்டில் சுமார் 6,400 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகிறது. போய் வர 64 மில்லி செகண்ட், இது இயற்கை விதிக்கும் குறைந்தபட்சம். கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, வழியில் ரௌட்டர்கள் வேறு. என் போன் ஹாட்ஸ்பாட்டில் 150-க்குக் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை. எனவே நம் ஊர்க்காரர்கள் பட்டை முடியும் வரை ஒரு அடி கூடுதலாக அடிக்காமல் கால் செகண்ட் முன்பே நகர்ந்து விட வேண்டும். நல்ல வேளை, முக்கிய அடிகளுக்கு இடையே இரண்டரை செகண்ட் இடைவெளி இருக்கும் ஆட்டம் இது. துப்பாக்கி ஆட்டங்களில் படும் அவஸ்தை இதில் இல்லை.

குகைக்குள் போவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். ஆட்டம் தரும் நேரம் 90 நிமிடம். சாதாரணமாக 20 நிமிடத்தில் முடியும், புதியவர்களோடு அரை மணி. பாதியில் வெளியேறினால் அரை மணி நேரம் மறுபடி பதிய முடியாது. தண்டனை கிடக்கட்டும், உள்ளே மூன்று பேர் உங்களை நம்பி நிற்கிறார்கள். மெஸ் ஒன்பதுக்கு மூடுகிறது என்றால் எட்டே முக்காலுக்கு வரிசையில் நிற்காதீர்கள். வார்டன் ரவுண்ட்ஸ் வரும் நேரமும் அப்படியே. கதைப் பணியை எப்போது வேண்டுமானாலும் மூடலாம், குகை அப்படி இல்லை.

பக்கத்து அறைத் தம்பி ஒருவர், மேலே காரணம் சொல்லாத மூன்றாமவர் இவர்தான், சாஸ்தாஷா வாசலிலேயே மூன்று வாரம் நின்றார். டேங்க் வேறு. பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வேறொரு ஆட்டத்தில் யாரோ இவரைக் கெட்ட வார்த்தையில் திட்டி, குழுவிலிருந்து தள்ளியிருக்கிறார்கள். அதிலிருந்து மனிதர்களோடு ஆடுவதென்றாலே வயிற்றைக் கலக்குகிறதாம். லேப் வைவாவிலும் இவருக்கு இதே கதைதான், பதில் தெரியும், வாய் வராது. அவருக்கு நான் காட்டியது இரண்டு வழி. ஒன்று, 15-வது லெவலில் திறக்கும் பயிற்சிக் கூடம். டேங்க் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று பாடம் பாடமாகச் சொல்லித் தந்து, கவசமும் மோதிரமும் கொடுத்து அனுப்புகிறது. இரண்டு, 2022 ஏப்ரலில் சேர்த்த ‘டூட்டி சப்போர்ட்’. இதில் மற்ற மூவரும் கணினிப் பாத்திரங்கள். அவர்கள் திட்ட மாட்டார்கள், அவசரப்பட மாட்டார்கள், வழி தெரியாமல் முழித்தால் கூடவே நிற்பார்கள். கதைக்குத் தேவையான நாலு பேர் குகைகளை இப்படியே தாண்டி விடலாம்.

தம்பி சாஸ்தாஷாவை அவர்களோடு இரண்டு தடவை முடித்தார். அடுத்த டாம்-டாரா குகைக்கு மனிதர்களோடே பதிந்தார். அரட்டைப் பெட்டியில் ஆங்கிலம் தட்ட வேண்டாம் என்று, ஆட்டத்திலேயே இருக்கும் மொழிபெயர்ப்புச் சொற்றொடரில் ஒரு வணக்கம் போட்டார். சில எழுத்துத் தட்டி டேப் பொத்தானை அழுத்தினால் போதும், ஜப்பானியருக்கு ஜப்பானியத்தில், ஜெர்மானியருக்கு ஜெர்மனில் தெரியும். அதோடு "ஃபர்ஸ்ட் டைம்" என்று இரண்டே வார்த்தை. ஒரு இடத்தில் வழி தவறி எதிர்ப்பக்கம் ஓடினார். நாங்கள் பின்னால் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டோம். ஹீலர் எழுதியது, "அவசரமில்லை, மெதுவாக வா." தம்பி அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறார்!

எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று உத்தரவாதம் தர மாட்டேன். டேங்கை முந்திக்கொண்டு ஓடி பத்து எதிரிகளை இழுத்து வரும் வீராதி வீரர்கள் உண்டு. ஹீலருக்குத் தாங்காவிட்டால் "ஒவ்வொரு கூட்டமாக" என்று ஒரு வரி எழுதுங்கள். வேகத்தை நிர்ணயிக்கும் உரிமை டேங்குக்கு. மீறித் திட்டினால் அந்தப் பெயரைத் தடைப்பட்டியலில் போட்டு விட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். நாலு பேரும் செத்தால்கூட ஒன்றும் குடி முழுகாது, வாசலிலிருந்து மறுபடி தொடங்கலாம்.

கதையும் குழுவும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட இடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் பகுதியின் உச்சக்கட்டமான காஸ்ட்ரம் மெரிடியானம், பிரேடோரியம் இரண்டும் அப்போது எட்டுப் பேர் போகும் கோட்டைகள். புதியவர் உச்சக்கட்டக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பழையவர்கள் அதைத் தாண்டி ஓடி எதிரியையே முடித்திருப்பார்கள். காட்சி முடிந்து கண்ணைத் திறந்தால் பிணம்தான் கிடக்கும். புகார் கிளம்பவே, பிறகு காட்சிகளைத் தாண்ட முடியாதபடி செய்தார்கள். நூறு தடவை பார்த்தவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பலர் அந்த நேரத்தில் காபி போடப் போனார்கள். கடைசியில் 2022 ஏப்ரலில் இரண்டையும் நாலு பேர் குகைகளாக மாற்றி அமைத்தார்கள். முதல் முறை வருகிறவன் கதை பார்க்க வேண்டும், நூறாவது முறை வருகிறவன் வேலையை முடிக்க வேண்டும். இரண்டு பேருக்கும் நியாயம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். அங்கே போகும்போது காட்சியை நிதானமாகப் பாருங்கள். காத்திருப்பவர்கள் அதற்குத்தான் பரிசு வாங்குகிறார்கள்.

நம் பக்கத்து அறைத் தம்பி இப்போது 32-வது லெவல். பிரேஃப்ளாக்ஸ் குகைக்குச் சீஸ் வாங்கப் போயிருக்கிறார். அங்கே கடைசியில் வரும் டிராகன் துப்பும் பச்சைக் குட்டையில் அதையே நிற்க விட்டால் அதன் உயிர் ஏறிக்கொண்டே போகும், டேங்க்தான் அதை வெளியே இழுத்து வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். "அது தெரியும்ணே, பார்த்துக்கிறேன்" என்றார்.